கடலுக்குப் போகும் ஒழுங்கை

பள்ளிவாசல்துறையில் நான் சிறுமியாக இருந்த நாட்களில் கடற்கரை யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை. கற்பிட்டிக் குடாநாடு மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாக நெருக்க, இடையில் ஒடுங்கிக் கிடக்கும் மணல்தரை. தென்னந்தோட்டம் எங்கே முடிகிறதோ அங்கே வேலியும் முடிந்துவிடும். அதற்கப்பால் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் இறுகப் பிடித்து வைத்திருந்த மணல்மேடு. மேட்டைத் தாண்டினால் ஊருக்குப் பொதுவான வெளி. மீன் பிடிப்பவர்களுக்கு அது தொழில் செய்யும் இடம். பிள்ளைகளுக்கு விளையாட்டிடம். பெண்களுக்கு, வீட்டையும் கிணற்றடியையும் விட்டு வெளியே வந்து காற்று வாங்கக் கிடைத்த ஒரே இடம்.

இன்று அந்தக் கடற்கரையைப் பற்றி எழுதும்போது முதலில் எழுதவேண்டியிருப்பது அங்கே போகும் ஒழுங்கைகளைப் பற்றி. எங்கள் பக்கத்தில் பழைய ஒழுங்கைகள் பல மூடிப்போய்விட்டன. மிச்சம் இருப்பவற்றில் ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அளவுக்கு ஒடுங்கிவிட்டது. இரு பக்கமும் கொங்கிரீட் தூண், தூணுக்குத் தூண் ஐந்து வரிசை முட்கம்பி. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர் அதில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நடக்கவேண்டும். முட்கம்பியில் சிக்கிய வலைத் துண்டுகளும், புடவை நூலும், கிழிந்த பட்டத்தின் வாலும் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும்.

நான் சிறுமியாக இருந்த காலத்தைப் பொற்காலமாக்கப் போவதில்லை. மின்சாரம் இல்லை, நல்ல வைத்தியசாலைக்குப் புத்தளம் போகவேண்டும், பெண்பிள்ளைகளைப் பாதியில் படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்துவிடுவார்கள். ஆனால் வெளி இருந்தது. வாடைக் காலத்தில் கடல் அடங்கிக் கிடக்கும்போது கரைவலை இழுப்பார்கள். கயிற்றின் இரண்டு தலைப்பும் கரையில் வெகுதூரம் தள்ளிக் கிடக்கும். இரு பக்கமும் ஆட்கள் இழுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வருவார்கள். கயிற்றின் வாலைப் பிடித்துச் சுருட்டி வைப்பது எங்களைப் போன்ற பிள்ளைகளின் வேலை. ஈரக் கயிறு உள்ளங்கையை அறுக்கும். மடி கரைக்கு வந்து விழும்போது மணலெல்லாம் வெள்ளி. நெத்தலி, சாளை, சூடை என்று பிரித்துப் போட்ட பிறகு, சம்மாட்டி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பிடி மீன் வைப்பார். எங்கள் பாவாடை மடியில் அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம். அது பிச்சையும் இல்லை, கூலியும் இல்லை. கரையில் நின்ற எல்லாருக்கும் உரிய பங்கு.

சோளகம் எழுந்தால் கடல் கலங்கும், வலை ஓயும், பட்டம் ஏறும். நானாமார் தென்னை ஈர்க்கைச் சீவி, பத்திரிகைத் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி, பழைய சாரத்தைக் கிழித்து வால் கட்டுவார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் ஈர மணலில் குதிக்காலால் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடுவோம். அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவும் சாச்சியும் அயல்வீட்டு மாமிமாரும் வருவார்கள். ஆண்கள் வலை காயப்போடும் பக்கத்தை விட்டு வடக்கே தள்ளி, ஒரு வாடிக்குப் பின்னால் அவர்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. ஒருவர் மற்றவருக்குத் தலை பார்ப்பார். ஒருவர் கிடுகு பின்னுவார். ஊர்க் கதை எல்லாம் அங்கேதான் பேசித் தீரும். எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்தக் குமருக்கு வரன் வந்திருக்கிறது, எந்த வீட்டில் அரிசி இல்லை என்பது அங்கேதான் தெரியவரும். தெரிந்தால் அன்றிரவே அரிசி போய்ச் சேரும். எந்தச் சங்கமும் செய்யாத வேலையை அந்த மணல் செய்தது.

அதை அப்போது காத்து வைத்திருந்தது சட்டமோ சபையோ இல்லை. வழக்கம் காத்தது. எல்லாரும் நாள்தோறும் போய் வந்தபடியால் அங்கே வேலி போட ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம்கூடச் சரியாகக் கிடைக்கவில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கடல் வழியாகவே கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். நான் அப்போது ஆசிரியையாகிவிட்டேன். பள்ளிக்கூடங்கள் நிரம்பின, பள்ளிவாசல்கள் நிரம்பின, தென்னந்தோட்டங்களும் வெற்றுத் தரைகளும் நிரம்பின. கிடுகுக் கொட்டில்கள் வரிசை வரிசையாக எழுந்தன. பிள்ளைகள் பந்தடித்த தரையில் அடுப்பு எரிந்தது. விளையாட்டிடம் போயிற்றே என்று அன்று எங்கள் ஊரில் ஒரு வாய்கூடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் வெட்கக்கேடு. திறந்த வெளி ஊருக்கு ஏன் வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் அந்த மாதங்களைத்தான் சொல்வேன். சும்மா கிடக்கும் தரை என்று கணக்குப் பார்ப்பவர்கள் நினைக்கிற இடந்தான் ஆபத்து வந்த அன்று ஆயிரக்கணக்கானோரின் தலைக்குக் கூரை தந்தது.

வந்தவர்களில் பலர் இங்கேயே வேரூன்றினார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு சிலர் திரும்பினார்கள், சிலர் அங்கும் இங்குமாக இருக்கிறார்கள். ஊர் பெருத்தது. வீடு கட்டத் தரை வேண்டும், வெங்காயமும் மிளகாயும் போடத் தரை வேண்டும். மைதானமாக இருந்த துண்டுகள் நியாயமான காரணங்களுக்காகவே சிறுகச் சிறுகக் குறைந்தன. அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அதற்குப் பிறகு வந்தது வேறு வகை. நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் எழுந்தது. 2011இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கி, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. எங்கள் கரையில் நின்று தெற்கே பார்த்தால் அதன் புகைபோக்கி தெரியும். மாம்புரியில் காற்றாலைகள் எழுந்தன. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கற்பிட்டிக்கென்று பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. குடாநாட்டை ஒட்டிய 14 தீவுகள், ஆயிரக்கணக்கான ஹோட்டல் அறைகள், கோல்ஃப் திடல், உள்ளூர் விமான நிலையம் என்று வரைபடங்களில் வண்ண வண்ணமாகக் காட்டினார்கள். தீவுகளில் தலைமுறை தலைமுறையாக வாடி போட்ட மீனவர்கள் எதிர்த்தார்கள். போட்ட திட்டத்தில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றுவிட்டது. ஆனால் திட்டம் வரப்போகிறது என்ற பேச்சே போதுமாக இருந்தது. தரகர்கள் வந்தார்கள். கடலைப் பார்த்த தென்னந்தோட்டங்கள் கைமாறின. வாங்கியவர் தம் எல்லையைக் கட்டினார். தோட்டத்துக்கு ஊடாக ஊர் நடந்து போன வழி எல்லைக்குள் மாட்டிக்கொண்டது.

வந்த தொழிலை நான் வெறுக்கவில்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நான் எழுத்துக் கற்பித்த பையன்கள் படகு ஓட்டி உழைக்கிறார்கள். மே மாதம் தொடங்கிச் சோளகம் வீசும் காலம் முழுக்க ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் கப்பலடிப் பக்கத்துக் களப்புகளில் பெரிய பட்டம் கட்டிப் பலகையில் நின்று நீர்மேல் பறக்கிறார்கள். எங்கள் நானாமாரின் ஈர்க்குப் பட்டத்தைத் தூக்கிய அதே காற்று. அதைக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தேறிய எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் அவர்களின் உம்மாமார் கடைசியாக எப்போது கடற்கரையில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் எங்காவது ஓரிடம் தேடிக்கொள்வார்கள். முச்சக்கரவண்டி எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் மைதானத்துக்குப் போவார்கள். பெண்களுக்கு அந்த வசதி இல்லை. வாடிக்குப் பின்னால் இருந்த அவர்களின் இடம் இப்போது சாய்வுநாற்காலிகள் போட்ட இடம். போகக்கூடாது என்று யாரும் பலகை வைக்கவில்லை. அந்நிய ஆண்கள் அரைக் காற்சட்டையோடு படுத்திருக்கும் இடத்துக்கு எங்கள் மாமிமார் போகமாட்டார்கள், அவ்வளவுதான். பொதுவெளி சுருங்கும்போது முதலில் வெளியேறுகிறவர்கள் பெண்கள். அவர்கள் சத்தம் போடாமல் வெளியேறுவதால் எவருடைய அறிக்கையிலும் அது வருவதில்லை.

ஒழுங்கை விஷயமாக நான் அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் என்னை அடையாளம் கண்டு எழுந்து நாற்காலி போட்டார்.

"டீச்சர், நீங்க சொல்ற பாதை இந்தப் படத்தில இல்லையே."

நில அளவைப் படத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். கறுப்புக் கோடுகள், காணித் துண்டுகளின் இலக்கங்கள், ஏக்கர், றூட், பேர்ச். ஒழுங்கை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம்.

"உங்கட வாப்பா அதாலதான் மகன் தோணிக்குப் போனவர்."

"தெரியும் டீச்சர். நானும் அதாலதான் போனனான். ஆனா படத்தில இருந்தாத்தான் எங்களால ஏதும் செய்யலாம்."

அவர் சொன்னது பொய் இல்லை. கடல் அலை தொடும் மணல் அரசின் காணி, மக்கள் புழங்குவதற்கானது. உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அதற்குள் கட்டுமானம் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். கடலுக்குள்ளே இருக்கும் பவளத்திட்டு 1992இல் சரணாலயமாக வர்த்தமானியில் ஏறிவிட்டது. 300 சதுர கிலோமீற்றருக்கு மேல். மீனுக்கும் பவளத்துக்கும் காகிதம் உண்டு. அந்தக் கரைக்கு மனிதர் நடந்து போகும் வழிக்கு இல்லை. தனியார் காணிக்கு ஊடாக 10 ஆண்டு தடையில்லாமல் புழங்கிய வழியை 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் மதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதை நிறுவப் புத்தளம் நீதிமன்றத்துக்கு ஏறவேண்டும், சட்டத்தரணிக்குக் கொடுக்கவேண்டும், அந்த வழியால் நடந்த பழைய ஆட்களைச் சாட்சிக்கு நிறுத்தவேண்டும். சாட்சிகளை ஒவ்வொருவராக மையவாடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறோம்.

கொழும்பில் ஒரு கல் இருக்கிறது. காலிமுகத்திடலின் நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த ஆளுநர் சர் ஹென்றி வார்ட் வைத்த கல். தமக்குப் பின்னால் வரும் ஆளுநர்களுக்கு அவர் அதில் ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறார்: கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் மனதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரச் சீமாட்டிகளாக இருக்கலாம். எழுத்தில் அப்படி இல்லை. கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் என்றே இருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபை அந்தத் திடலைப் பெரிய பொழுதுபோக்கு வளாகம் அமைப்பதற்காக ஒரு தனியார் நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று சுற்றாடல் மன்றம் எனும் தன்னார்வ அமைப்பு கேட்டது. சரியான பதில் கிடைக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2005 நவம்பரில் தீர்ப்பு வந்தது. திடல் பொதுமக்களுக்கென்று அர்ப்பணிக்கப்பட்டது, அதை அப்படியே வைத்திருக்கவேண்டும், ஒப்பந்தத்துக்கு வலு இல்லை என்றது நீதிமன்றம். தகவல் கேட்டவருக்குத் தகவல் கொடுக்காதது கருத்துச் சுதந்திரத்தையே மீறுவதாகும் என்றும் சொன்னது. நாட்டில் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2016இல்தான் வந்தது. அதற்குப் பதினொரு வருடம் முன்னரே ஒரு புல்வெளி அந்த உரிமையை வென்று கொடுத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பில் வார்ட்டின் கல்லுக்கும் இடம் கிடைத்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னர் ஒருவர் இது யாருக்காக என்று எழுதி வைத்ததன் பலம் அது. 2022 ஏப்ரலில் எரிவாயுவும் பெற்றோலும் இல்லாமல் நாடு கொதித்தபோது மக்கள் போய்க் கூடாரம் அடித்ததும் அதே திடலில். 2005இல் அங்கே பொழுதுபோக்கு வளாகமும் கட்டணச்சீட்டுக் கூண்டும் எழுந்திருந்தால் அவர்கள் எங்கே கூடியிருப்பார்கள்?

பத்தரமுல்லையில் நடந்ததும் சொல்லவேண்டியது. வெள்ளநீர் வடிந்து தங்குவதற்கென்று, பொதுத் தேவை என்று காட்டி மக்களிடமிருந்து சுவீகரித்த தாழ்நிலம், பிறகு தனியார் கோல்ஃப் திடலாகிவிட்டது. 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்து, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை 30 இலட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. அரசிடம் இருக்கும் நிலம் ஆள்கிறவரின் சொத்தல்ல, அவரிடம் நம்பி ஒப்படைத்த பொருள் என்பதே அந்தத் தீர்ப்பின் அடித்தளம். இந்தியாவில் லக்னோ நகரத்தின் ஒரு பழைய பூங்காவுக்கடியில் கடைத்தொகுதி கட்டியபோதும் 1999இல் உச்ச நீதிமன்றம் அதே நியாயத்தைச் சொல்லி, கட்டியதை இடித்துப் பூங்காவை மீட்டுத் தரச் சொன்னது. தமிழ்நாட்டில் 1959இலேயே பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்த வெளிகளையும் பாதுகாக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். உள்ளூராட்சி அமைப்புகள் தம் எல்லைக்குள் இருக்கும் அத்தகைய இடங்களைப் பட்டியலிடவேண்டும் என்பது அதன் முதல் படி. பட்டியலில் ஏறாத திடலுக்காக வாதாட எந்தக் கெட்டிக்கார வக்கீலாலும் முடியாது. எங்கள் கற்பிட்டிப் பிரதேச சபைக்கும் நான் முதலில் கேட்பது அந்தப் பட்டியலைத்தான்: கடற்கரைக்குப் போகும் வழிகள், பிள்ளைகள் விளையாடும் தரைகள், வலை காயும் இடங்கள், பெண்கள் உட்காரும் இடங்கள்.

காகிதம் கிடைத்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும். பராமரிக்க ஆளும் பணமும் இல்லாத பொதுநிலம் எப்படி ஆகும் என்பதை நாங்கள் கண்கூடாகப் பார்க்கிறோம். குப்பை சேரும். குப்பை சேர்ந்தால் ஆட்கள் போகமாட்டார்கள். ஆட்கள் போகாத இடத்தைப் பார்த்து ஒருவர் வந்து, இது பாழாய்க் கிடக்கிறது, என்னிடம் தாருங்கள், அழகுபடுத்தித் தருகிறேன் என்பார். அந்த அழகுபடுத்தலுக்கு நான் மிகவும் பயப்படுகிறேன். மணல்மேட்டைத் தட்டையாக்கிக் கல் பதிப்பார்கள். அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் களை என்று பிடுங்குவார்கள். மணலைக் கட்டி வைத்திருப்பவை அவைதாம் என்பது அடுத்த சோளகத்தில் அலை மேலேறி வந்த பிறகே விளங்கும். பிறகு செலவை ஈடுகட்ட நுழைவுச்சீட்டு. ஐம்பது ரூபாய்ச் சீட்டு வெளியூர்க்காரருக்குப் பெரிதில்லை. நான்கு பிள்ளைகளோடு மாலையில் காலாற வரும் ஒரு தாய்க்கு அதுவும் முட்கம்பிதான்.

செலவுக்கு வழி என்ன? எங்கள் பெரியவர்களுக்கு விடை தெரிந்திருந்தது. பள்ளிவாசலுக்குத் தென்னங்காணியை வக்பு எழுதி வைத்தார்கள். பள்ளிவாசலைக் காட்டிப் பணம் வசூலிக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு வருமானத்தை நட்டு வைத்தார்கள். தேங்காய் விழ விழ விளக்கெரிந்தது, கூரை வேய்ந்தது, முஅத்தினுக்குச் சம்பளம் போனது. எழுதி வைத்தவர் மறைந்து மூன்று தலைமுறை ஆனாலும் அந்தத் தென்னை யாருக்கும் விற்கப்படாது. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் அதற்குக் காவல். இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்று ஒரு புதிய நகரம் உண்டு. அதன் பூங்காக்களையும் ஏரிக்கரைகளையும் நகரசபையின் வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தின் தயவில் விடக்கூடாது என்று 1992இல் தனி அறக்கட்டளை ஒன்றை அமைத்து, 999 வருடக் குத்தகைக்கு நிலத்தை அதனிடம் ஒப்படைத்தார்கள். கூடவே வாடகை வரும் கட்டடங்களையும் முதலாக எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாடகையில்தான் ஆயிரக்கணக்கான ஏக்கர் பூங்கா இன்றுவரை பராமரிக்கப்படுகிறது. படித்தபோது எனக்குப் புதுமையாகத் தெரியவில்லை. எங்கள் வக்புத் தென்னையை அவர்கள் வேறு பெயரில் நட்டிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே தலவிலையில் புனித அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது. மார்ச்சிலும் ஆடி மாதத் திருவிழாவிலும் நாடெங்குமிருந்து இலட்சக்கணக்கானோர் வந்து கடற்கரையோரத் தோப்புகளில் தங்குகிறார்கள். எல்லா மதத்தாரும் வருவார்கள். அந்தப் பெரிய வெளி இத்தனை காலம் துண்டு துண்டாகாமல் நிற்பதற்குக் காரணம், அதற்குப் பொறுப்புச் சொல்ல ஓர் ஆலயம் இருப்பதுதான்.

எங்கள் கரைக்கும் அப்படி ஒரு பொறுப்பாளி வேண்டும் என்று ஊரில் பேசத் தொடங்கியிருக்கிறோம். பிரதேச சபையின் பெயரில் நிலம் இருக்கட்டும். விற்கவோ நீண்ட குத்தகைக்கு விடவோ முடியாதபடி வர்த்தமானியில் எழுதட்டும். மீனவர் சங்கமும் பள்ளிவாசல் நிருவாகமும் பாடசாலையும் படகுக்காரரும் ஹோட்டல்காரரும் சேர்ந்த குழு அதைப் பார்க்கட்டும். டொல்பின் பயணத்திலும் பட்டச் சவாரிப் பாடத்திலும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சிறு தொகையைக் கரைக்கென்று ஒதுக்கலாம். அந்தத் தொழில்கள் நிற்பது இந்தக் கரையின் அழகில்தானே. ஊராரிடம் சீட்டு விற்கவே கூடாது. இந்த யோசனையை முதலில் ஒப்புக்கொண்டவர்களில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுதி நடத்தும் ஒருவரும் இருக்கிறார். தம் வேலியை ஆறடி உள்ளே தள்ளி, வலையோடு வருகிறவர் நேராக நடக்கும்படி வழி விடுவதாகச் சொன்னார். சொன்னபடி செய்தும் விட்டார். பழைய தூண்கள் இருந்த குழிகளை அவருடைய ஆட்களே மூடினார்கள். எல்லாரும் அப்படி இருக்கமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது.

குழுவில் பெண்கள் இருப்பார்களா என்பதில்தான் இழுபறி. அவர்களின் கருத்தை வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள் சிலர். வீட்டில் கேட்டால் கடற்கரையைப் பற்றி என்ன சொல்வார்கள்? பத்து வருடமாக அங்கே போகாதவரிடம் கேட்டால், பரவாயில்லை என்பார். அவரைக் கரைக்கு அழைத்துக்கொண்டு போய் உட்காரவைத்து, முகத்தில் காற்று அடிக்கும்போது கேட்கவேண்டும். வாரத்தில் இரண்டு மாலையாவது ஒரு பகுதி பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மட்டும் என்று விட்டுத் தரவேண்டும் என்பது என் பக்கத்துக் கோரிக்கை. பெண்பிள்ளைகள் பந்தடிக்கக் கேட்டால் அதையும் மறுக்கக்கூடாது. இதற்காக நான் சண்டை பிடிப்பேன். கூட்டத்தில் என்னைவிட வயதில் குறைந்தவர்கள்தான் அதிகம். அவர்களில் பாதிப் பேருக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கியவள் நான். பேச்சைக் குறுக்கே வெட்டமாட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு வேலை நடந்திருக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு இருக்கும் ஒழுங்கைகளையும் மூடிய ஒழுங்கைகளையும் ஒவ்வொன்றாக நடந்து குறித்தார்கள். மூடிய வழிகளைக் காட்ட வயதானவர்கள் கூட நடந்தார்கள். எண்பது கடந்த ஒரு சம்மாட்டியை நாற்காலியில் வைத்து முச்சக்கரவண்டி வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் வேலிக்கு வெளியே நின்றபடியே, உள்ளே தெரிந்த ஒரு பனையைக் காட்டி, அதன் தெற்குப் பக்கமாகத்தான் கயிறு கொண்டுபோவோம் என்றார். பிள்ளைகள் பனையையும் குறித்துக்கொண்டார்கள். அவர் சொன்னதைச் சமாதான நீதவான் முன்னிலையில் எழுதிக் கைநாட்டும் வாங்கியாயிற்று. அந்தக் குறிப்புகளோடு தகவலுக்கான உரிமைச் சட்டப்படி ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்: எங்கள் கரையோரத்தில் அரச காணி எவ்வளவு, அதில் யாருக்கு எந்த நிபந்தனையில் குத்தகை கொடுக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பாதை சபையின் பதிவேட்டில் இருக்கிறது என்று. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும் என்பது சட்டம். கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. மேன்முறையீட்டுக்கான கடிதத்தையும் எழுதியே வைத்திருக்கிறோம்.

பதில் எப்படி வந்தாலும் அடுத்து நில அளவையாளரை அழைக்கவேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. சந்தாப் புத்தகம் அடித்துக் கொண்டுவந்த அன்றே அதில் முதல் பக்கத்தில் பெயர் எழுதியவர் டொல்பின் படகு ஓட்டும் என் பழைய மாணவர். தொகையை எழுதிவிட்டு, பெயருக்கு நேரே தம் உம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.